ஒன்பதாம் மாடிக்கு இறங்கும் வழி

லுவோ தெஃபூ லிஃப்டுக்குள் போய் ஒன்பதை அழுத்தினார். லிஃப்ட் கீழே இறங்கியது.

அவர் ஏறியது தெருவிலிருந்து. பேருந்து ஓடுகிற, மரம் நட்டிருக்கிற, நாய் படுத்திருக்கிற அசல் தெரு. தெருவிலிருந்து ஒன்பதாம் மாடிக்குப் போக வேண்டுமென்றால் உலகத்தில் எந்த ஊரிலும் மேலேதான் போக வேண்டும். லிஃப்டில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, நடுவில் யாரோ ஏறுவதற்காகக் கதவு திறந்ததும், கையிலிருந்த பேரிக்காய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே குதித்துவிட்டார்.

ஏற வந்தவன் தலைக்கவசம் போட்ட ஒரு இளைஞன், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணும் இல்லைங்கய்யா, லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. நீங்க ஏறின தெருவே பதினாலாவது மாடி. ஒன்பதுக்குக் கீழதான் போகணும். வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

"தம்பி, நான் லான்சோவில முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். தெரு எங்க இருக்கும்னு எனக்குச் சொல்லித் தராதே."

அவன் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினான். கதவு மூடும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழி கேட்பது பயணிகளின் வேலை, ஓட்டுநரின் வேலை இல்லை என்பது தெஃபூவின் கொள்கை. வேலையில் இருந்த காலத்தில் பனி மூடிய நாளில்கூட யாரையும் அவர் வழி கேட்டதில்லை. ஆனால் லான்சோ நேர்மையான ஊர். ஆறு நடுவில் போகும், மலை இரண்டு பக்கமும் நிற்கும், ரோடு ரோடாக இருக்கும். இந்தச் சோங்கிங்கிலோ காலையிலிருந்து அவர் கண்ணில் பட்டதெல்லாம் தலைகீழ். ரயில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. ஒரு கூரையின் மேல் கார்கள் நின்றன. மூடுபனியில் மிளகாய் எண்ணெய் வாசனை. மூச்சை இழுத்தால் இருமல் வந்தது. தன் மகள் இப்படிப்பட்ட ஊரையா தேடிப் பிடித்தாள் என்று நினைத்ததும் பழைய கோபம் தலைதூக்கியது. அந்தக் கோபத்தால்தானே இத்தனையும் என்று அடுத்த நொடியே தன்னை நொந்துகொண்டார்.

ஷூமின் அவருக்கு ஒரே மகள். தாயில்லாமல் வளர்ந்தவள். சோங்கிங் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அந்தப் படிக்கட்டு ஊருக்குப் போனால் இந்த வாசலை மறுபடி மிதிக்காதே என்று அவர் சொல்லிவிட்டார். அவள் கல்யாணத்துக்குப் போனில் அழைத்து வீட்டு முகவரியைச் சொன்னபோது, சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டார். கேட்டது. மனப்பாடமாகவே ஆகிவிட்டது. புத்தாண்டுக்குப் புத்தாண்டு அவள் கூப்பிடுவாள். அவர் எடுக்க மாட்டார். ஆனால் மணியடிப்பதைத் தவறவிடக் கூடாதென்று அன்றைக்கு வீட்டைவிட்டு நகரவும் மாட்டார். அடித்து ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அதையெல்லாம் சரிசெய்யத்தான் வந்திருந்தார். அதற்கு முதலில் ஒன்பதாம் மாடி அகப்பட வேண்டும்.

அடித்தளம்வரை நடந்து இறங்கி, மண்ணைக் காலால் தொட்டு, அங்கிருந்து ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு மேலே வருவது என்று தீர்மானித்தார். மாடிப்படி வழியாக இறங்கினார். படி கட்டடத்துக்கு வெளியே வந்து, மலைச்சரிவில் வளைந்து, இன்னொரு சுவரோரமாகத் திரும்பி, மறுபடி இறங்கியது. முழங்கால் கெஞ்சத் தொடங்கிய இடத்தில் பையின் பிடி அறுந்தது. பேரிக்காய்கள் ஒவ்வொன்றாகக் குதித்து அவருக்கு முன்னால் ஓடின.

கீழே பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைக் குறுக்கே வைத்து அணை போட்டாள். தப்பியவற்றைத் துரத்திப் பிடித்து, மேல்துணியில் துடைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

"பேரிக்காய் பரவாயில்லைங்க. ஆரஞ்சுன்னா ஆத்துக்கே போயிருக்கும்" என்றாள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு எதிலும் ஒரு வேடிக்கைப் பேச்சு என்று தெஃபூ எரிச்சல்பட்டார். நன்றி சொன்னாரே தவிர, வழி கேட்கவில்லை.

கடைசியில் ஆற்றங்கரை ரோடு வந்தது. அங்கே ஒரு வாசல், உள்ளே ஒரு லிஃப்ட். இப்போது ஒன்பதை அழுத்தியதும் அது ஒழுங்காக மேலே போனது. பஸ் ஓட்டியவன் மூளைக்கு முன்னால் இந்த ஊர் தோற்றுவிட்டது என்று அவருக்கு லேசாகப் பெருமைகூட வந்தது. கதவு எண்ணைச் சரிபார்த்து, சட்டையை இழுத்துவிட்டு, தட்டினார்.

திறந்த பெண்ணின் முகம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அழகுக்காக ஒட்டிக்கொள்ளும் ஈரத்தாள். கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. உயரம் மகளின் உயரம். உள்ளேயிருந்து மாஜாங் ஆட்டக் கட்டைகள் கலகலக்கும் சத்தம் வந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் தெஃபூ கையை உயர்த்தித் தடுத்தார். விட்டால் அழுகை முந்திக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

"நீ பேசாதே, ஷூமின். நான் முடிச்சிடறேன். உன் கல்யாணத்தன்னைக்கு லீவு கிடைக்கலன்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பினேன் பாரு, அது பொய். அன்னைக்கு எனக்கு லீவுதான். டிப்போவுக்குப் பின்னால நின்னு தெற்க போற ரயிலையெல்லாம் பாத்துட்டிருந்தேன். நீ போன் பண்ணினப்பெல்லாம் நான் வீட்லதான் இருந்தேன். உன் மேல கோபம் இல்லம்மா. நீ போயிட்டா வீட்ல நான் யாரோட பேசறது? அதைச் சொல்லத் தெரியாம வாசலை மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்."

மாஜாங் சத்தம் நின்றுபோயிருந்தது. உள்ளே இருந்தவர்கள் கட்டையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கன்னத்திலிருந்து தாளின் ஓரம் நனைந்து நழுவியது. அவள் அதை உரித்தெடுத்தாள். ஷூமின் இல்லை. முன்பின் பார்த்திராத முகம்.

"நல்லாத்தான் சொன்னீங்க ஐயா. ஒரு வார்த்தையும் மாத்த வேண்டாம்" என்றாள் அவள் தணிந்த குரலில். "ஆனா ஷூமின் வீடு பக்கத்துக் கட்டடம். வாங்க, நான் கூட வரேன்."

தெஃபூவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு வாய் வெந்நீராவது குடித்துவிட்டுப் போகச் சொல்லி அவள் கெஞ்சினாள். துணைக்கு வருகிறேன் என்று இன்னொருவர் ஆட்டத்தை விட்டு எழுந்தார். யாரும் வர வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு, அவள் கைகாட்டிய பாலத்தின் பக்கம் நடந்தார். பாலத்தின் முடிவில் இரண்டு நடைபாதைகள் பிரிந்தன. எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. ஓட்டுநருக்கு உள்ளுணர்வு போதும் என்று இடப்பக்கம் திரும்பினார். அது ஒரு ரயில் நிலையத்துக்கு அடியில், நூடுல்ஸ் கடைகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில் கொண்டுபோய் விட்டது. ஆறும் இல்லை, தெருவும் இல்லை, கட்டடமும் இல்லை.

கால்கள் இனி மாட்டேன் என்றன. முதல் கடையின் குட்டை முக்காலியில் உட்கார்ந்தார்.

மிளகாய் வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுக்கும்போதே கடைக்காரப் பெண்மணி கிண்ணத்தை வைத்துவிட்டாள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. வெள்ளைக் குழம்பு, மேலே வெங்காயத்தாள். இந்த ஊரில் கண்ணைத் திறந்து மனிதரைப் பார்க்கிற ஒருத்தியாவது இருக்கிறாளே என்று தெஃபூ நினைத்தார். அந்த ஆறுதலில் அவருக்குப் பேச்சு வந்தது.

இன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியதாகச் சொன்னார். கீழே போகிற லிஃப்டைப் பற்றியும், உருண்டோடிய பழங்களைப் பற்றியும், முகத்தில் தாள் ஒட்டிய பெண்ணைப் பற்றியும் சொன்னார். அவள் காய் நறுக்கியபடி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவர் குரல் இறங்கியது. இத்தனை வருடம் சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் யாரோ ஒரு பெண்ணிடம் செலவாகிவிட்டது. இனி மகள் எதிரே வந்தாலும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம். ஆனால் முதலில் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் வேண்டாமா?

"அடுத்த வண்டியில நான் ஊருக்கே திரும்பிடறேன்" என்றார். "இந்தப் பழத்தை மட்டும் எப்படியாவது அவகிட்ட சேத்துடு தாயி. யார் குடுத்தாங்கன்னு சொல்ல வேண்டாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். வண்டிக்கு இன்னும் நேரமிருக்கிறது, இன்னொரு கிண்ணம் குழம்பு தருகிறேன், சூடாகக் குடித்துவிட்டுப் போகலாம் என்றாள். யாராவது இப்படி நிறுத்திவைக்க மாட்டார்களா என்றுதான் அவருக்கும் இருந்தது. சரியென்றார். பிடி அறுந்த பையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடிபட்ட பக்கம் தெரியாதபடி மேசையில் அடுக்க ஆரம்பித்தார்.

அவள் அடுப்புப் பக்கம் போனாள். அவருக்கு முதுகைக் காட்டி நின்று, கைபேசியைக் காதில் வைத்து, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஷூமின், பதறாதே, அப்பா நம்ம கடையிலதான் இருக்காரு. வீட்டுச் செருப்போடவே இன்னைக்கும் லான்சோவில இருந்து இப்பத்தான் வந்து இறங்கியிருக்காரு. நீயும் நேத்து மாதிரியே, மன்னிச்சுட்டேன்னு வந்து சொல்லிடும்மா."