நல்லரத்தினத்தின் இரண்டாவது ஈரல்

ஒரு மனிசனை வெட்டுவதற்கு முன்னால் அவருடைய ஈரலைக் கணினியில் அச்சொட்டாகச் செய்து, அதை வெட்டிப் பழகிக்கொள்வது மிகவும் நல்ல காரியம். இதில் யாருக்கும் மறுபேச்சு இருக்க முடியாது. செங்கலடி நல்லரத்தினத்துக்கும் இருக்கவில்லை. வயல் வட்டையில் வேளாண்மை வெட்டி முடித்த கையோடு, வயிற்றைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். ஈரலில் தேசிக்காய் அளவு கட்டி. "ஒரு மாசத்துக்குள்ள எடுத்திட்டாப் பயமில்ல" என்றார் டொக்டர்.

இரண்டே நாளில் மேற்படி ஈரல் கணினியில் பிறந்தது. வழுவழுவென்று திரையில் சுழன்றது. ஆஸ்பத்திரியின் கணினி மாதிரிப் பிரிவின் பொறுப்பதிகாரி ஜெயரூபன் உடனே அதற்குத் தனிக் கோவை திறந்து, அட்டையில் இலக்கம் போட்டார். கோவை என்றால் முகவரி வேண்டும். முகவரி என்றால் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும்.

"எனக்கா சேர்?"

"உங்களுக்கில்ல, ஈரலுக்கு. இது உங்கடதான் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

நியாயம்தானே! நல்லரத்தினம் பஸ் ஏறினார். அவருடைய பிரிவின் கிராம சேவகர் கேதீஸ்வரி, நேர்மை தவறாத பெண்.

"கண்ணால காணாத ஒண்டுக்கு எப்பிடி அண்ணே ஒப்பம் வைக்கிற?"

"உள்ளுக்க இருக்கு தங்கச்சி."

"எவ்வளவு காலமா?"

"ஐம்பத்திரண்டு வருசமா."

"அப்ப வாக்காளர் இடாப்பில ஏன் பேரில்ல?"

மூன்று கிழமை அலைந்த பிறகு கடிதம் கிடைத்தது: 'மேற்படி ஈரல் எனது பிரிவில், மேற்படி நபரின் உள்ளே நிரந்தரமாக வசித்து வருகிறது. நன்னடத்தை உடையது.'

ஈரலின் திறப்பு விழாவுக்கு வரப் பிரதம அதிதிக்கு நேரம் கிடைக்க இன்னும் பத்து நாள். அப்புறம் விளக்கேற்றி, மாலை போட்டு, பெரிய திரையில் ஈரலைத் திறந்து வைத்தார்கள். சனம் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. "உங்கட மனிசன்ட ஈரல் நல்ல வடிவுகா!" என்று பக்கத்து வீட்டு அஜந்தா சொன்னதில், நல்லரத்தினத்தின் மனைவி மங்கையற்கரசிக்குத் தலைகால் தெரியவில்லை. எல்லாரும் பார்க்க, மேடையிலேயே மாதிரியை வெட்டினார்கள். கட்டி கழன்று வந்தது. அடேயப்பா, என்ன கைதட்டல்! மங்கையற்கரசி பிள்ளையாருக்கு நேர்ந்த புக்கையை அன்றைக்கே பொங்கி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் நல்லரத்தினம் ஜெயரூபனிடம் போனார்.

"சேர், மறுகா எனக்கு எப்ப வெட்டுற?"

"உங்களுக்குத்தான் வெட்டியாச்சே! கோவையில 'பூரண சுகம்' எண்டு கிடக்கு."

"கட்டி உள்ளுக்கதான் கிடக்கு சேர். இப்ப வளர்ந்து தோடங்காய் அளவு."

ஜெயரூபன் திரையைப் பார்த்தார். நல்லரத்தினத்தைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"மாதிரியில கட்டி இல்ல. மாதிரி பிழை விடாது. திருத்தவேண்டியது உங்கட ஈரலைத்தான். ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்க."

நல்லரத்தினத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுக்குள்ள நான் செத்துப்போனா?"

"பயப்படாதீங்க. மாதிரி பத்திரமா இருக்கும்."

வீட்டுக்கு வந்து பாயில் சுருண்டு முனகினார். மங்கையற்கரசி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவா முனகுங்க! புக்கை திண்ட சனத்துக்குக் கேட்டா என்ன நினைக்கும்?"

நல்லரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் சொல்வதும் சரிதான். அவரும் இரண்டு தரம் வாங்கித் தின்றவர்.