பதினேழாம் பக்கத்தில் இடம் இருக்கிறது

மனிதகுலம் நெருப்போடும் சக்கரத்தோடும் நின்றுவிடவில்லை. எங்கள் நூலகத்தில் 'தேர்வுச் சுதந்திரக் குழு'வையும் கண்டுபிடித்தது. நாற்பது கணினிகளுக்கும் இனி எந்த இயங்குதளம் என்பதைத் திறந்த போட்டி வைத்துத் தீர்மானிப்பது அதன் பொறுப்பு. குழுவின் செயலாளர் நான். பதவி கிடைத்த அன்று கண்ணாடியில் பார்த்தேன். என் கழுத்து சற்று நீண்டிருந்தது.

போட்டி விதிகளைப் பதினெட்டுப் பக்கம் நானே தட்டச்சு செய்தேன். முதல் பக்கத்தில் 'எவருக்கும் பாரபட்சம் இல்லை' என்று தடித்த எழுத்தில் போட்டேன். விண்ணப்பமும் அதே கோப்புக்குள் இருந்தது. நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

மறுநாளே அண்ணி கூப்பிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விடப்பட்ட இயங்குதளத்தைப் போட்டு, செத்த கணினியையும் எழுந்து உட்கார வைப்பார். இந்த வேலை கிடைக்காவிட்டால் கடையை மூடுவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

"என்னம்மா அனுப்பியிருக்கே? பதினெட்டுப் பக்கமும் கட்டம் கட்டமா இருக்கு. குறுக்கெழுத்துப் போட்டியா?"

அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் ஏற்கெனவே இருந்த நிறுவனத்தின் இயங்குதளத்தில் மட்டுமே அந்தக் கோப்பு திறக்கும்.

அண்ணியின் கடையில் கோப்பு திறக்கவில்லை என்று குழுவில் சொன்னேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெரிய சிந்தனைக்கு முன்னால் கழற்றுவார்.

"விண்ணப்பத்தையே திறக்க முடியாதவங்க நாற்பது கம்ப்யூட்டரை எப்படிம்மா பாத்துப்பாங்க?"

"எல்லாருக்கும் திறக்கிற பொது வடிவத்துல அனுப்பலாமே சார்."

"தாராளமா அனுப்பலாம். முறைப்படி கேக்கணும். பதினேழாம் பக்கத்துல அதுக்கு இடம் விட்டிருக்கோமே."

"அதை நிரப்பணும்னா..."

"திறக்கணும்," என்றார், தெளிவாக.

என் மனசாட்சி எழுந்து நின்றது. நாற்காலி மெத்தையாக இருந்ததால் மறுபடி உட்கார்ந்துகொண்டது.

கடைசி நாளில் ஒரே ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. 'கடும் போட்டிக்குப் பின்' பழைய நிறுவனமே ஒருமனதாகத் தேர்வானது. 'மாற்று எவரும் ஆர்வம் காட்டவில்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் படமாக ஒட்டினேன். வாக்கியம் அழகாக அமைந்தது. அந்த அழகில் கொஞ்ச நாள் ஒளிந்திருந்தேன்.

கடை அண்ணியின் வீட்டு முன்னறைக்குள் சுருங்கியது. ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால் செரித்திருக்கும்.

இரண்டாம் ஆண்டு நிறுவனம் 'புத்தம் புதிய பதிப்பை' வழங்கியது. முன்னேற்றம் என்றால் அதுதான் முன்னேற்றம்: பழைய கோப்பு எதையும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகப் பட்டியல், உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்புகள் எல்லாமே கட்டம் கட்டம். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"உங்க அண்ணி ஏதோ பண்ணுவாங்கன்னு சொன்னீங்களே..."

பென்டிரைவோடு முன்னறையில் போய் நின்றேன்.

"எங்க இயங்குதளத்தை எழுதுற ஆளுங்க இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி எழுதிட்டாங்க," என்றார் அண்ணி. "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். உங்களையும் சேர்த்துத்தான்."

கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தாக மாறின. முதலில் திறந்தது கூட்டக் குறிப்பு. நிதானமாக வாசித்தார்: "மாற்று எவரும் ஆர்வம் காட்டவில்லை."

பக்கத்தைக் கீழே இறக்கினார்.

"நல்லாவே திறந்திருக்கும்மா. உன் கையெழுத்துகூடத் தெளிவாத் தெரியுது."