குளிக்கிற மக்கில் கட்டிய சிவப்பு டேக்

வடக்குப்பட்டு,
ஞாயிறு காலை.

அன்பு மருமகள் கவிப்பிரியாவுக்கு, உன் தாய்மாமன் கோதண்டராமன் எழுதுவது. நானும் உன் அத்தை மரகதமும் உடம்பளவில் நலம். புனேயில் நீயும் உன் ஆராய்ச்சிக்கூடமும் நலமாக இருக்க வேண்டும். எந்த முகத்தோடு போனில் பேசுவது என்று தெரியாததால் கடிதம்.

போன வாரம் எச்.ஐ.வி. கிருமி எப்படிப் பரவும் என்று "சும்மா பொது அறிவுக்கு" உன்னிடம் கேட்டேனே, அது பொய். எங்கள் மாடி அறைப் பையனின் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டேன். பெயரை வெளியே சொல்வது பாவம், அதனால் மாடிப் பையன் என்றே எழுதுகிறேன். தூத்துக்குடிப் பக்கம், கார் கம்பெனியில் வேலை. உன் அத்தை சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தபோது ஷிஃப்டை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் படப்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் இந்தச் சக்திகுமார்தான். அவனுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் கம்பெனியில் தேறாத உதிரிபாகத்துக்குச் சிவப்பு டேக் கட்டி ஓரமாக வைப்போம். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போய் அவன் குளிக்கிற மக்கில் ஒரு டேக்கைக் கட்டிவிட்டது. காரணத்தை அவன் அறைத்தோழன் அருள்பாண்டியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். மறுநாளே அருள்பாண்டி இவன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டான். சக்திகுமார் சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுவின் மேலுள்ள இரண்டு புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் கிருமி உள்ளே நுழையும், மாத்திரையால் அது ரத்தத்தில் தென்படாமல் அடங்கிவிட்டால் கட்டிய மனைவிக்குக்கூடத் தொற்றாது என்றாய். "சரி, மக்?" என்று நாலு தடவை கேட்டேன். அப்புறம் நீ சொன்னதுதான் என்னைக் கொன்றது. செல்லுக்குள் காவல் புரதம் ஒன்று உண்டு, கிருமி தன்னைப் பிரதி எடுக்கும்போது அந்தப் பிரதியைக் கெடுத்துவிடும்; கிருமியோ அந்தக் காவல்காரன் மேல் கழிவு என்று அடையாளம் ஒட்டவைத்து, செல்லின் சொந்த ஆட்களைக் கொண்டே அப்புறப்படுத்திவிடும் என்றாய். போன் பாதியில் நின்றது டவர் கோளாறால் இல்லை அம்மா, வெட்கத்தால்.

பக்கத்தில் நின்ற மரகதம் கேட்டாள்: "இன்னாய்யா, வூட்ல கிருமி கீதுன்னு தேடிக்கினு இருந்தியே, கெட்ச்சுதா?"

நேற்று அவன் தங்கியிருந்த பிள்ளைப்பாக்கம் போய் அவனிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்டேன். இன்று திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அருள்பாண்டிக்கு நீயே போனில் விளக்கிச் சொல். நான் முழுக்கத் திருந்திவிட்டேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். உன் படிப்பு நாலு பேர் உயிரைக் காக்கட்டும், என்னைப் போன்றவர்களின் வாயையும் அடைக்கட்டும்.

இப்படிக்கு, தலைகுனிந்து,
மாமா கோதண்டராமன்

பின்குறிப்பு: சக்திகுமார் வந்தான். டீ குடித்தான், சிரித்தான், பெட்டியோடு மாடிக்குப் போனான். அவன் டம்ளரை நானே கழுவினேன். மூன்றாம் தடவை சோப்புப் போடும்போதுதான் மரகதம் பின்னால் நிற்பது தெரிந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்து என் டம்ளரில் கட்டிவிட்டாள். மேலே திருந்திவிட்டேன் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. இப்போது அந்த டம்ளரில்தான் டீ குடிக்கிறேன், அவிழ்க்கக் கை வரவில்லை.