பாகூரில் ஆண், வில்லியனூரில் பெண்

பாகூர் கம்யூன் என்னும் பிரெஞ்சு ஊர்வட்டத்தில் ஆரோக்கியம் என்றோர் ஆண் உண்டு. வில்லியனூர் கம்யூனில் ஆரோக்கியம் என்றொரு பெண் உண்டு. இருவருக்கும் வயது இருபத்தேழு. இருவருக்கும் இடது புருவத்தில் ஒரே வெட்டுத் தழும்பு. ஒருவர் சாப்பிட்டால் மற்றவருக்கும் பசி தீர்ந்துவிடும். இருவரும் ஒருவரே என்பது ஊரார் அபிப்பிராயம். ஊரார் அபிப்பிராயத்துக்கு முத்திரை கிடையாது என்பதால் பிரெஞ்சு சர்க்கார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆரோக்கியத்தை ஆண் என்று நினைக்க சர்க்கார்தான் வேண்டும் என்பதில்லை. ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவான உயரம். பதினாறு வயதில் விஷக்காய்ச்சல் வந்து மழித்த தலைமயிர், தோளைத் தொடுவதற்கு முன்பே வளர்வதை நிறுத்திக்கொண்டது. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமமான உறுவையாற்றில் முண்டாசு கட்டிக்கொண்டு கரும்புக் கொல்லையில் நிற்பாள். பின்னால் வருகிறவர்கள், அண்ணே, இந்தப் பக்கம் வண்டி போவுமா என்று கேட்பார்கள். போவும், வரப்பை ஒட்டிப் போ என்பாள். அந்தக் கட்டைக்குரலைக் கேட்டதும் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிடும்.

வழிப்போக்கர்களை அவள் திருத்துவதில்லை. ஒரு பர்லாங்குக்கு மேல் தன்னோடு நடப்பவர்களை மட்டும் திருத்துவாள். திருத்தினால் அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். பிறகு, தாங்கள் ஏன் அப்படி நினைக்க நேர்ந்தது என்று விளக்குவார்கள். விளக்கத்தை முடிக்க ஒரு பர்லாங்கு போதாது. கோயிலுக்குப் புதிதாக வரும் உபதேசியார்கள் அவளை ஆண்கள் பக்கம் போய் உட்காரச் சொல்வார்கள். ஒரு தடவை, எதற்கு வம்பு என்று போயும் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் காற்று நன்றாக வந்தது.

ஒருநாள் கொல்லைப் பக்கம் வந்த பாஸ்கல்கூட முதன்முதலில் அவளிடம், தம்பி, தீப்பெட்டி இருக்கா என்றுதான் கேட்டான். கரும்புச் சருகு கொளுத்த வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். பெண் என்று தெரிந்தபோது அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துவிட்டு, "உம் பேரு இன்னா?" என்றான். அதற்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணமான மறுவருடம் பாஸ்கலுக்குச் சைகோன் துறைமுகத்தில் கிடங்குக் காவல் வேலை கிடைத்தது. போனான். இரண்டு வருடம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு தை மாதத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. மாசி கடைசியில் புதுச்சேரியிலிருந்து கப்பல் புறப்படுகிறது, அதில் ஏறி வந்துவிடு, அடுத்த கப்பலில் வந்தால் நான் இருக்கமாட்டேன், மலைக்காட்டுக்கு மாற்றுகிறார்கள், நாலு வருடத்துக்கு அங்கே கடிதம்கூட வராது என்று எழுதியிருந்தான். பிறந்த காகிதம் ஒன்று, கல்யாணக் காகிதம் ஒன்று, மனைவி கப்பலேறப் புருஷனின் சம்மதம் ஒன்று, ஆக மூன்று வேண்டும். மூன்றாவதை அவனே எழுதிக் கையெழுத்திட்டு உடன் வைத்திருந்தான்.

கல்யாணக் காகிதம் வில்லியனூரில் ஒரே நாளில் கிடைத்தது. அதில் அவள் மனைவி என்று தெளிவாக இருந்தது. கல்யாணத்தின்போது பிறந்த காகிதத்துக்குப் பதிலாக நாலு சாட்சிகளை நிறுத்தி எழுதியிருந்தார்கள். பிறந்த காகிதத்துக்குப் பிறந்த ஊரான பாகூருக்குத்தான் போகவேண்டும்.

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரனுடையவை. நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ்காரன் பூமி. அங்கே சுங்கச் சாவடியில், சீட்டித் துணி கடத்துகிறார்களா என்று மடியைச் சோதிப்பார்கள். ஆண்களைச் சோதிக்க ஒரு சேவகன், பெண்களைச் சோதிக்கக் கலியம்மாள் என்றொருத்தி. சேவகன் ஆரோக்கியத்தின் இடுப்பில் கைவைக்க வந்தான். நான் பொம்பளை என்றாள். அவன் பயந்துபோய்க் கலியம்மாளைக் கூப்பிட்டான். கலியம்மாள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அந்நிய ஆம்பளையைத் தொடுவதற்குத் தான் அங்கே வேலைக்கு வரவில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் அவளைச் சோதிக்காமலே அனுப்பினார்கள். உடன் வந்த துணிக்காரர்கள் அவளை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்கள்.

பிரெஞ்சு ஊர்களில் கம்யூன் அலுவலகத்துக்கு மேரி என்று பெயர். மாதாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாதாவிடம் கேட்டால் சில சமயம் கிடைக்கும்.

பாகூர் மேரியில் பதிவேடுகளைக் காப்பவர் குமாஸ்தா தணிகைவேல். நேர்மையானவர். அவர் முகத்தைத் தூக்காமலே, மெட்டிச் சத்தத்தை வைத்து, இன்னாம்மா வேணும் என்று கேட்டு, ஊரும் வருடமும் விசாரித்து, அந்த வருடத்துப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்து நின்றார்.

"உக்காருங்கய்யா" என்றார். சேவகன் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

ஆரோக்கியம் உட்காரவில்லை. "இப்பத்தானே அம்மான்னு சொன்னீங்க."

"அது புத்தகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி. இதுல ஆம்பளைன்னு இருக்கு."

"நான் பொம்பளைங்க."

"இருக்கலாங்க. நான் உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. புத்தகத்தப் பத்திச் சொல்றேன்."

விஷயம் இதுதான். பிரெஞ்சில் பிறந்தான் என்பதற்கு நே என்று எழுதவேண்டும். பிறந்தாள் என்பதற்கும் அதே நேதான். கடைசியில் ஓர் எ மட்டும் கூடச் சேர்க்கவேண்டும். அந்த எ-யை யாரும் வாயால் சொல்வதில்லை. பெண்ணுக்காகச் சேர்க்கும் எழுத்துக்குச் சத்தம் கிடையாது. இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய குமாஸ்தா அதைச் சேர்க்க மறந்துவிட்டார். ஆரோக்கியம் என்பது இருபாலருக்கும் வைக்கிற பெயர் என்பதால் பெயரும் கைகொடுக்கவில்லை.

அந்த ஓர் எழுத்தை இப்போது சேர்த்துவிடலாமே என்றாள். சேர்த்தால் சர்க்கார் பதிவேட்டைத் திருத்திய குற்றத்துக்கு இரண்டு வருடம் உள்ளே போடுவார்கள் என்றார் தணிகைவேல். தப்பாக எழுதியவருக்கு எத்தனை வருடம் என்று கேட்டாள். அவர் பதினெட்டு வருடம் பென்ஷன் வாங்கிவிட்டுச் செத்துப்போனார் என்றார்.

வாழ்க்கையில் யாரிடமும் கேட்காத கேள்வியை ஆரோக்கியம் அன்று கேட்டாள்.

"என்னைப் பாத்தா உங்களுக்குத் தெரியலையா?"

தணிகைவேல் அவளைத் தலையிலிருந்து கால்வரை பட்சபாதமில்லாமல் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பாத்தா, புத்தகம் சொல்றதுதான் சரின்னு படுது."

திருத்த வேண்டுமென்றால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லி, இருப்பதை இருக்கிறபடி நகலெடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தார். கப்பலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

புதுச்சேரி கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதுகிற அருள்சாமி அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவள் குடும்பமும் பாஸ்கல் குடும்பமும் ஊர் வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்ட குடும்பம். அந்தச் சட்டப்படி, கல்யாணமான பெண் புருஷன் சம்மதமில்லாமல் கோர்ட்டுக்கு வர முடியாது. அவள் பாஸ்கலின் சம்மதக் கடிதத்தைக் காட்டினாள். அது கப்பலேறச் சம்மதமே தவிரக் கோர்ட்டேறச் சம்மதமில்லை என்றார். புதிதாக ஒன்று எழுதி வாங்கலாம் என்றால் சைகோனுக்குக் கடிதம் போய் வர இரண்டு மாதம். அவள் எழுந்துவிட்டாள். அப்போது அருள்சாமி பாகூர் நகலை மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

"உக்காருப்பா. நீ ஆம்பளைதானே. ஆம்பளை மனுக் குடுக்க எவன் சம்மதம் வேணும்?"

மனு இப்படி ஆரம்பித்தது: 'கனம் பொருந்திய நீதிபதி துரையவர்கள் சமூகத்துக்கு, பாகூர் கம்யூனில் பிறந்த ஆரோக்கியம் என்னும் ஆண், தான் ஒரு பெண் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்ளும் விண்ணப்பம்.'

மனுவை எடுத்துக்கொண்டார்கள். மனுதாரர் ஆண் என்பதற்குப் பதிவேட்டு நகல் இருந்ததால், வாசலில் யாரும் தடுக்கவில்லை. மருத்துவர் ஒருவர் மனுதாரர் பெண்ணே என்று சான்று எழுதினார். உறுவையாற்றிலிருந்து வந்த ஆறு பேர் அதையே சத்தியம் செய்து சொன்னார்கள். மூன்றாவது வாரம் தீர்ப்பு வந்தது. அருள்சாமி அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

மனுதாரர் பெண் என்பதில் இந்த நீதிமன்றம் முழுத் திருப்தி அடைகிறது. கல்யாணமான பெண் புருஷன் சம்மதமின்றிக் கொடுத்த மனு செல்லாது. ஆகவே இந்த மனு செல்லாது. செல்லாத மனுவின் பேரில் நீதிமன்றம் அடைந்த திருப்தியும் செல்லாது. ஆகவே மனுதாரர் ஆண்.

"நல்லா எழுதியிருக்காரு" என்றார் அருள்சாமி. அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது.

கப்பலுக்குப் பதினோரு நாள் இருக்கையில் ஆரோக்கியம் மறுபடி பாகூர் மேரிக்கு வந்தாள். நாற்காலி வந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தாள். தீர்ப்பைத் தணிகைவேல் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, வேறொரு விஷயம் கேட்டாள்.

"ஒரு ஆம்பளை சைகோன் போவணும்னா இன்னா காயிதம் வேணுங்க?"

"பொறந்த காயிதம் ஒண்ணு போதும்."

"கல்யாணக் காயிதம்?"

"ஆம்பளைக்கு எதுக்கு?"

"பொண்டாட்டி சம்மதம்?"

தணிகைவேல் பதினாறு வருட சர்வீஸில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறந்த காகிதத்தோடு வைத்துக் காட்ட, கேட்காமலே அரைமணி நேரத்தில் ஒரு சிபாரிசுக் காகிதமும் தயாரானது. போகும்போது, அவள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருப்பது தன் கவனக்குறைவு என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார்.

பாஸ்கலின் பழைய வேட்டியும் சட்டையும் கட்டிக்கொண்டு ஆரோக்கியம் கப்பலேறினாள். ஆண்கள் தட்டில் இருபது நாள் போனாள். அண்ணே, அண்ணே என்றார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக யாரையும் திருத்தவேண்டிய பொறுப்பு அவளுக்கு இல்லை. சைகோன் துறையில் பாஸ்கல் ஏணியடியில் நின்றுகொண்டிருந்தான். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது என் வேட்டிதானே" என்றான்.

இங்கே கதை முடிந்திருக்கலாம். ஆனால் சேதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருடம் ஆனி மாதத்திலிருந்து பாகூர் மேரி வாசலில் பெண்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு பன்னிரண்டு பேர், அறுவடை முடிந்ததும் தெருமுனைவரை வரிசை. எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். என் பேர்ல அந்த மாதிரித் தப்பு ஏதாவது விழுந்திருக்கான்னு கொஞ்சம் பாருங்கய்யா. இல்லை என்றால் முகம் வாடிப் போனார்கள். வருடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், பக்கத்து வருடத்துப் புத்தகத்தையும் பாருங்கள் என்று சிலர் மறுநாளும் வந்தார்கள். ஆண்கள் எதிர்த்த காப்பிக் கடையில் உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு, தத்தம் வீட்டுக்காரி வரிசையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார்கள்.

பதிவேட்டில் பிழை எதுவும் கிடையாது என்று தணிகைவேல் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினார். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வரிசையில் யாரும் இல்லை.

மலைக்காட்டு மாற்றல் உத்தரவு இன்னும் வந்து சேராததால், மறுவருடம் சைகோனிலிருந்தே மேரிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆரோக்கியம் சொல்லச் சொல்ல பாஸ்கல் எழுதியது. உள்ளே ஒரு பிறப்புக் காகிதத்தின் நகல் இருந்தது. தணிகைவேலுக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. வாசலுக்கு வந்து வரிசையின் முன் நின்றுகொண்டு உரக்கப் படித்தார்.

'பெண் குழந்தை. தகப்பன் பாஸ்கல், கிடங்குக் காவலர். தாய் இன்னாரென்று தெரியவில்லை. சாட்சி: ஆரோக்கியம், ஆண், மேற்படி பாஸ்கலுடன் வசிப்பவர். பிரசவத்தின்போது ஆரம்பம் முதல் கடைசிவரை கூட இருந்ததாகச் சொல்லிக் கையெழுத்திடுகிறார்.'

குழந்தைக்குப் போடவேண்டிய எ சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், இருந்தது, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தது. தாய் இடத்தில் தன் பெயரைப் போட என்ன வழி என்றும் கேட்டிருந்தது.

தணிகைவேல் காகிதத்தை மடித்தார். "கேட்டுக்கிட்டீங்களாம்மா? ஆம்பளையா ஆனா இதான் கதி. பெத்த புள்ளைக்கே அம்மா இல்ல. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தவள் நெட்டப்பாக்கத்துத் தனக்கொடி. அன்று நாலாவது தடவையாக வந்திருந்தாள்.

"புள்ள இப்ப யாராண்ட இருக்கு?" என்றாள்.

"யாராண்ட இருக்கும்? அவங்களாண்டதான்."

"என் மூணு புள்ளைங்க காயிதத்துலயும் அம்மா பேரு தனக்கொடின்னு கொட்டை எழுத்துல இருக்குதுங்க. நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க. புள்ளைங்க மட்டும் மாமியா வூட்ல இருக்குது. பாத்து மூணு வருசமாவுது. கோர்ட்டுல கேக்கப் போனா புருசன் சம்மதம் எங்கன்றாங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தொள்ளாயிரத்து ஏழாம் வருசத்துப் புத்தகம் பாத்தாயிடுச்சு. எட்டாம் வருசத்தை எடுங்கய்யா."