நெஞ்சில் பாய்ந்த குண்டு

"மாயவனுக்குக் குண்டு நெஞ்சுல பாஞ்சுதா, முதுகுலயா? சொன்னாத்தானுங்க கல்லுல உளி வைக்க முடியும்" என்றார் கல்தச்சர் மாது.

குப்புராஜ் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பர்மா சண்டையிலிருந்து திரும்பிய ஆறு மாதமாகக் கடத்தூர்ச் சந்தையில் டாங்கி ஓட்டிய கதை சொல்லிக்கொண்டிருந்தான். மனுஷன் அங்கே ஓட்டியதெல்லாம் ஈதான். மிலிட்டரி ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கக்கூஸ் வாளி சுமந்தவன்.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? போன மாதம் காசியம்மாள் வந்து, "சாமி, நீயும் அங்கதான இருந்த? எம் மவன் மாயவன் எப்படிச் செத்தான்?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எவனால் முடியும்?

"துப்பாக்கியும் கையுமா, சண்டையில செத்தானுங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டான்.

சண்டையில் செத்தவனுக்கு வேடியப்பன் கோயிலருகே கல் நட்டுப் பொங்கல் வைப்பது ஊர் வழக்கம். நோயில் செத்தவனுக்கு அது கிடையாது. காசியம்மாள் இருந்த ஒரே கறவை மாட்டை விற்றுக் கல் எடுத்துவிட்டாள்.

"நெஞ்சுலதாங்க" என்றான் குப்புராஜ்.

"எத்தனை பேரைச் சாய்ச்சாரு?"

"மூணு."

"மூணுதானா?" என்று மாது முகம் சுளிக்க, "ஏழு" என்றான். ஊர்க்கவுண்டர் கேட்டபோது அது பன்னிரண்டானது. கூடவே ஒரு குதிரையும் வந்து சேர்ந்தது. பழைய கல்லில் எல்லாம் குதிரை இருக்கிறதாம்!

கல் நடும் நாளில் பறை முழங்கியது. சுத்துப்பட்டு ஜனமெல்லாம் திரண்டிருந்தது. குதிரைமேல் இருந்த மகனுக்குக் காசியம்மாள் மஞ்சள் பூசினாள். கல்லின் கன்னத்தைத் தடவித் தடவிப் பூசினாள். குப்புராஜ் அவளை ஓரமாகக் கூட்டிப்போய்க் காலில் விழுந்தான்.

"ஆத்தா, அத்தனையும் பொய்யிங்க. மாயவன் சண்டைக்கே போகல. பேதி கண்டு எங்க கூடாரத்துலதான் கெடந்தான். என் மடியிலதானுங்க உசுரு போச்சு. கடைசியா தண்ணி குடுத்தது நான்தான்."

ஓவென்று அழுதான்.

"குடிச்சானா?" என்றாள் காசியம்மாள்.

"ரெண்டு வாய் குடிச்சானுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

"மெல்ல அழு சாமி, கவுண்டர் காதுல விழுந்துரப் போகுது. பேதியில போனான்னு சர்க்கார் காயிதம் வந்தப்பவே, பாப்பிரெட்டிப்பட்டி போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். எம் புள்ளைக்கு ஒரு கல்லு வேணுமேன்னுதான், இந்த ஊர்லயே பெரிய புளுகன் யாருன்னு விசாரிச்சு உன்கிட்ட வந்தேன்."