மின்சார ஓய்வு குறித்துத் தாய்மாமாவுக்கு ஒரு விண்ணப்பம்

குளிர்மீன் கடை,
பேருந்து நிலையத்தின் பின்புறம்,
டெச்சிமான்.

மேன்மைதங்கிய தாய்மாமாவும் எங்கள் குடும்பத்தின் தலைவருமாகிய அம்போன்சா அவர்களின் சமூகத்திற்கு, மருமகள் அபேனா டுஃபியா தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். இக்கடிதம் தாமதமானதற்கு மன்னிப்புக் கோருகிறேன். எழுத உட்கார்ந்த போதெல்லாம் மின்சாரம்... அக்காரணத்தை உரிய இடத்தில் சமர்ப்பிக்கிறேன்.

நான் பள்ளி வாசலை மிதித்தவள் அல்லள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மீன் கட்டிய செய்தித்தாள்களின் தலையங்கங்களைப் பிரித்துப் படித்தே எழுத்துக் கற்றேன். ஆகவே என் நடையில் கம்பீரமும் சற்றே மீன் வாடையும் கலந்திருக்கும், பொறுத்தருள்க.

விஷயம் யாதெனில், வரும் சனிக்கிழமை தம்பி யாவ் தன் மகளுக்குப் பெயர் சூட்டுகிறான். குழந்தையின் நாவில் தண்ணீரையும் ஜின் என்னும் மதுவையும் தொட்டுவைத்து, "தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல்" என ஓதும் பொறுப்பை முதலில் எனக்கே அளித்திருந்தான். தொட்டுவைப்பவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பதால், பிள்ளையற்ற எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் இப்பிறவியில் கிடைக்கப்போவதில்லை. இப்போது அதை என்னிடமிருந்து பறித்துத் தன் மாமியாருக்குக் கொடுக்க நினைக்கிறான். இறுதித் தீர்ப்பு தங்களுடையது. எனவே நடந்ததை ஒளிக்காமல் கூறுகிறேன்.

படகுக் கட்சி ஆண்ட காலத்தில் மின்சாரம் போய்ப்போய் என் சரக்கு அழுகியபோது, கெட்டுப்போன கானாங்கெளுத்தியைப் பெரிய பேசினில் தலைமேல் சுமந்துகொண்டு வானொலி நிலையத்துக்கே சென்று, "ஜனாதிபதி அவர்களே, இந்த மீனின் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்!" என்று நான் முழங்கியது தங்களுக்கு நினைவிருக்கும். பின்னர் நமது பானைக் கட்சி வென்றது, நமது ஜனாதிபதி வந்தார், மின்சாரமும் முன்போலவே போனது. ஆனால் இம்முறை அது போகவில்லை, மாமா, ஓய்வெடுத்தது. "மின்சார ஓய்வு" என்ற அச்சொல் என் சொந்தப் படைப்பு. "ஜனாதிபதிக்கு மதிப்பெண்" என்னும் காலை வானொலி நிகழ்ச்சிக்கு அன்றாடம் தொலைபேசியில் அழைத்து, அதே இருட்டுக்கு முன்னவருக்கு நான் வழங்கியிருந்த சுழியத்தை மறந்து, நம்மவருக்கு முழு மதிப்பெண் வழங்கி வந்தேன். நான் வழங்கிக்கொண்டிருந்த வேளையில் பனிக்கட்டி உருகி, அந்த நீர் கடை வாசலைத் தாண்டிப் பக்கத்துத் தையல்காரியின் துணிக்கட்டு வரை சென்றது.

"அபேனாக்கா, உங்க ஜனாதிபதி ஓய்வெடுக்குறாரு, உங்க மீனு நாறுது!" என்று அவள் மூக்கைப் பொத்தினாள்.

"நாத்தம் இல்லடி. அது ஏற்றுமதித் தரம்" என்றேன்.

சென்ற வியாழனன்று நிகழ்ச்சி நடத்துபவர், "அக்கா, ஒரு பழைய பேச்சப் போடுறேன், கேட்டுட்டுக் கருத்துச் சொல்லுங்க" என்றார். மின்சாரம் போய் மீன் அழுகியதென்று ஒரு பெண் ஜனாதிபதியைத் திட்டினாள். கடைத்தெரு இரைச்சலில் நானும் கூர்ந்து கேட்டு, "இந்தம்மாவுக்கு எதிர்க்கட்சி காசு குடுத்திருக்கு. மீன ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, கரண்டு மேல பழி போடுது" என்று தீர்ப்பளித்தேன்.

"அக்கா, அது நீங்கதான்."

தலையங்கங்களில் இதற்கு மறுமொழி ஏதும் படித்ததில்லை. "அப்ப எனக்கு வயசு கம்மி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதை யாவ் தன் டாக்சியில் கேட்டிருக்கிறான். பின் இருக்கையில் அவன் மாமியார்.

அன்று அந்தியில் கடைக்கு வந்தான்.

"என்னக்கா, கடை இருட்டா இருக்கு?"

"இருட்டு இல்ல. ஓய்வு."

"இருட்ட இருட்டுன்னு சொல்ல உனக்கு வாய் வரல. எம் பொண்ணுகிட்டத் தண்ணியத் தண்ணின்னு எப்படிச் சொல்லுவ? நாளைக்கு அது ஜின்ன எடுத்துக் கஞ்சில ஊத்தும்."

"உங்க படகுக்காரன் ஆண்டப்ப, நீ மெழுகுவத்திய வச்சுக்கிட்டு 'ஊரே லைட்டுல ஜொலிக்குது'ன்னு பேசலியா?"

"பேசுனேன். அதனாலதான் நான் தொட்டுவைக்காம உன்னக் கேட்டேன்."

மாமா, நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். உருகிய மீன்களின் நடுவே உட்கார்ந்திருந்தேன். அந்நேரம் பார்த்துத் தெருவிளக்கு எரிந்தது. படகு, பானை என்ற பேதமின்றித் தெருவே ஆர்ப்பரித்தது. எல்லோருக்கும் முன்பாக, முக்காலி கவிழ எழுந்து, இரு கைகளையும் உயர்த்தி, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று குதித்தவள் நான்தான்.

யாவ் அசையாமல் நின்றான். "போகாதது எப்படிக்கா வரும்?" என்றான். பிறகு இருவரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கண்ணிலும் நீர் வந்தது. "மாமா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிப் போனான்.

எனவே தங்கள் மேலான பரிசீலனைக்கு வைக்கிறேன்: மின்சாரம், சாலை, மாவு விலை ஆகியவற்றில் என் நா நம்பத்தக்கதன்று; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரும் ஜின்னும் இதுவரை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவ்விரண்டில் நான் பிழை செய்யேன். பேருந்து ஓட்டுநர் கையில் புகைமீன் கொஞ்சம் அனுப்பியுள்ளேன். குளிர்மீன் அனுப்பும் நிலையில் இல்லை. முன்னோர்கள் தங்கள் முழங்காலுக்கு இரங்குவார்களாக.

பணிவுடன்,
அபேனா டுஃபியா

பின்குறிப்பு: கையொப்பமிடும்போதே மின்சாரம் போய்விட்டது. "போய்விட்டது" என்றே எழுதியிருக்கிறேன், கவனித்தருள்க. இருட்டு, மாமா. இருட்டேதான். ஆயினும் விசாரித்த வகையில், இது சென்ற ஆட்சியில் வாங்கிய மின்மாற்றியிலிருந்து வரும் இருட்டு என அறிகிறேன். இவ்வரியை மட்டும் யாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். உடனே பதில் எழுதுங்கள்.