பலகைக்குள் போன கடைவீதி

மேகவதி நாட்டு மன்னருக்குச் சிறுவணிகர்மேல் இரக்கம் பிறந்த ஆண்டில், தலைநகரின் நகரசபை கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மின்பலகையை இலவசமாக வழங்கியது. பெயர், வணிகத்தோழன். இனி வாங்குவதும் விற்பதும் அதன் வழியேதான்.

கோட்டைவாசலில் பருத்திப்பால் விற்ற பூங்காவனத்துக்கு எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பலகையைத் தட்டினாள், தடவினாள். உள்ளே அவள் கடை படமாக மினுங்கியது. அவளுக்கே வாயூறியது.

"இதுல யாரு சாமி வாங்குவாங்க?"

"உலகமே வாங்கும்" என்றார் பலகை வழங்க வந்திருந்த வணிக அமைச்சர் கீர்த்திவர்மர்.

உலகம் வருமுன் ஓர் ஆணை வந்தது. பலகையில் ஒன்று, தெருவில் ஒன்று என ஒருவருக்கு இரண்டு கடைகள் இருப்பது பேராசை. ஆகவே தெருக்கடைகள் அகற்றப்பட்டன. அடுத்த ஆணை, தெருவில் கடையில்லாதோர் போலி வணிகர் எனக் கண்டறிந்து, அவர்களைப் பலகையிலிருந்தும் நீக்கியது.

அடுப்பு அணைந்த பூங்காவனம் நேரே சபைக்குப் போனாள்.

"கடையப் புடுங்குனதும் நீங்க, கடை இல்லன்னு சொல்றதும் நீங்க. நான் எங்கதான் விக்கிறது?"

"அம்மையே, வணிகரிடமிருந்து இப்போது ஒரு புகார்கூட வருவதில்லை, அறிவாயா?" என்றார் கீர்த்திவர்மர்.

"வணிகரே இல்லையே சாமி!"

"அதுவே எம் சாதனை."

அச்சாதனையைக் காண ரத்தினகிரி நாட்டுத் தூதர்கள் வருவதாகச் சேதி வந்ததும் சபை கலங்கியது. காட்டுவதற்கு ஒரு கடையாவது வேண்டுமே! கோட்டைவாசலில் அவசரமாகப் பந்தல் எழுந்தது. விருந்தினர் இருக்கும்வரை மட்டும் பூங்காவனம் வணிகராக நியமிக்கப்பட்டாள்.

பருத்திப்பால் மணத்துக்கு ஊரே கூடிவிட்டது. தலைமைத் தூதர் ஒரு குவளை குடித்துவிட்டுக் கண்மூடி நின்றார். அமைச்சர் பலகையின் பெருமையை விளக்கிக்கொண்டிருக்க, தூதரோ பூங்காவனத்தின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"எங்க நாட்டுலயும் இந்தப் பலகை வந்துருச்சு தாயி. கடைன்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. அதான் கண்ணால பாத்துட்டுப் போக வந்தோம்."

பூங்காவனம் அவர் குவளையை மறுபடி நிறைத்தாள். "நீங்க கிளம்புனதும் இதையும் பிரிச்சிருவாங்கய்யா."

தூதர் சற்று யோசித்தார். பிறகு பந்தலில் கிடந்த, மின்பலகைகள் வந்த பெட்டி ஒன்றின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, உரத்த குரலில் சொன்னார்:

"அமைச்சரே, தங்கள் சாதனையை ஓரிரு நாளில் கற்றுவிட இயலாது!"

கீர்த்திவர்மர் பூரித்துப்போனார். மற்ற நாடுகளுக்கும் உடனே அழைப்பு அனுப்பச் சொன்னார்.